காட்டில் காயும் நிலவு

பயனின்றிக் கழிந்த எதனையும் ‘காட்டில் காய்ந்த நிலா’ என்று கூறிவிடுவது நம்மவர் வழக்கம். மனிதன் கண்டு மகிழாத ஒளி வீணான ஒளி என்பது இதன் கருத்து. முன்னோர் சொன்னது என்ற ஒரே காரணத்தால் எதனையும் ஒப்புக்கொள்ளலாகாது என்போர், இப்பழமொழியையும் ஒருமுறை அறிவின் முன் நிறுத்திப் பார்த்தல் நலம். காட்டில் காயும் நிலவு யாருக்கு வீண்?

வனவிலங்கு ஏதேனும் கண்ணில் படாதா என்னும் ஆசையோடு தனியே நெடுந்தூரம் நடப்பவனை இவ்வினா எளிதில் விடுவதில்லை. அவன் விடியுமுன் புறப்படுகிறான். பேச்சொலி கேட்டால் விலங்குகள் ஒதுங்கிவிடுமாதலால் துணை தேடுவதில்லை. மாலையில் அட்டைக் கடியும் சேறு படிந்த காலுமாக, ஒன்றையும் காணாது திரும்புகிறான். ‘என்ன பார்த்தாய்?’ என்று வீட்டார் கேட்கின்றனர். ‘ஒன்றும் இல்லை’ என்கிறான். ‘பின் எதற்காக இத்தனை பாடு?’ என்பது அடுத்த கேள்வி. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு இக்கேள்வியின் நியாயம் புரியாமல் இல்லை. காலையில் பெரட்டில் பெயர் பதிந்து, மாலையில் செம்பனைக் குலைகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை எழுதுவதே என் தொழில். வெறுங்கையோடு திரும்பிய நாளைச் செக்ரோலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை நூல் வல்லார் மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்குச் சென்றார். உயிரினங்கள் இயற்கைத் தெரிவினால் மாறிவருகின்றன என்னும் கொள்கையை 1858இல் டார்வினோடு உலகுக்கு அளித்தவர் இவரே. அம்மலைக் காட்டில் ஆர்கஸ் என்னும் பெரும் பறவையின் குரல் அடிக்கடி கேட்டது, பறவையோ அகப்படவில்லை. சிறகெங்கும் கண் கண்ணாகப் புள்ளிகள் கொண்ட அழகிய பறவை அது. உடன் வந்த முதிய மலாய்க்காரரிடம் ஒன்றைச் சுட்டுத் தரும்படி வாலஸ் கேட்டார். இருபதாண்டுக் காலம் அக்காடுகளில் பறவை சுட்டுவந்த அம்முதியவரோ, பிறர் பிடித்து வைத்ததைக் கண்டதன்றி, காட்டில் உலவும் ஆர்கஸ் ஒன்றை ஒருமுறையும் கண்டதில்லை. 1869இல் வெளிவந்த தம் நூலில் வாலஸ் இதனை எழுதியிருக்கிறார். அந்த இருபதாண்டுகளை வீண் எனலாமா? வேடனுக்கு அவை ஏமாற்றமாகலாம். பறவை உயிர்தப்பி வாழ்ந்ததோ, அதற்கு மறைந்துகொள்ளத் தெரிந்ததனாலும் மறைவதற்குக் காடு இருந்ததனாலும் அன்றோ?

எளிதிற் கிடைக்கும் காட்சியையும் எண்ணிப் பார்ப்போம். பத்துமலைப் படிகளில் நாம் குரங்கைத் தேட வேண்டுவதில்லை; நம் கையிலுள்ள பையைத் தேடி அதுவே வரும். நாம் போட்ட தீனி அதன் அச்சத்தைப் போக்கிற்று, பறிக்கவும் கற்பித்தது. பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்திலோ நிலைமை வேறு. வரிசை பிடித்து நட்ட மரங்களிடையே நின்றால் பார்வை நெடுந்தொலைவு ஓடும். மறைப்பு இல்லை, ஆயினும் காண்பதற்கு மிகுதி இல்லை. எலியும், எலியைத் தின்னும் பாம்பும், எலிக்காகவே பெட்டி வைத்துப் பேணப்படும் கூகையும் உண்டு. காட்டின் மற்றப் பல உயிர்களோ, ஒளிய இடமற்றுப் போனதும் இல்லாமலே போயின. ஆகவே வனவிலங்கைக் காண விரும்புகிறவன், அது தன்னைக் காட்டாதிருக்கக்கூடிய இடத்தை முதலில் விரும்பியாக வேண்டும்.

இது வெறும் வேதாந்தப் பேச்சன்று. பந்திங் அமைந்துள்ள கோலலங்காட் மாவட்டத்தில், கோலலங்காட் வடக்கு வனக் காப்பகம் என்னும் சதுப்புக் காடு உண்டு. உலகக் கரடிகளுள் மிகச் சிறியதான சூரியக் கரடியின் வாழிடங்களுள் ஒன்றாக அது சொல்லப்படுகிறது. மட்கிய மரமும் இலையும் நீரில் ஊறிப் படிந்த நிலமாதலால், நீரை வடித்துவிட்டால் அங்கு மண்ணே தீப்பற்றும். 2020இல் அக்காட்டில் 930 ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பைக் காப்பிலிருந்து நீக்கச் சிலாங்கூர் அரசு முன்மொழிந்தது. 500 ஹெக்டருக்கு மேல் நீக்கப்பட்ட செய்தி 2021இல் வெளியாயிற்று. தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அரசு அம்முடிவைக் கைவிட்டது. எதிர்த்த நகரத்தாருள் அக்கரடியைக் காட்டில் நேரிற் கண்டவர் எத்தனை பேர் இருப்பர்? காணாத உயிருக்காக வாதாடுவதும் மனிதனால் ஆகக்கூடியதே.

‘நம் பாட்டன்மார் புலிக்கும் காய்ச்சலுக்கும் இடையே நின்று காடு வெட்டினார்கள், பேரன் அக்காட்டுக்குப் பரிந்து பேசுவதா?’ எனச் சிலர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. புலிக்கு அஞ்சியவரை இரக்கமற்றவர் என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. ஆனால் வெட்டவேண்டிய நிலத்தைத் தேர்ந்தவர் நம் பாட்டன்மார் அல்லர். வெட்டிய நிலமும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, பிராங் பெசார் தோட்டத்து மக்கள் தலைமுறையாய் வாழ்ந்த லயங்களை விட்டு டிங்கில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பெரியவர்களின் பார்வையில் படாதவன் இல்லாதவனாகவே எண்ணப்படுவான் என்பதை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே அளவுகோலை நாம் எடுத்துக் காட்டின்மேல் வைப்பது தகுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க விரும்பும் இளைஞர்களே! போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். எதற்கும் தீனி போடாதீர்கள்; எதையும் விரட்டிப் பிடித்துப் பார்க்க முயலாதீர்கள். ஈரமண்ணில் ஒரு காலடித் தடம், பட்டையில் நகக்கீறல், தொலைவில் ஒரு குரல் கிடைத்தால் மகிழுங்கள். அதுவும் கிடைக்காது வீடு திரும்பினால், ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லாதீர்கள். ‘நான் ஒன்றும் காணவில்லை’ என்று சொல்லுங்கள். அவ்வளவே நாம் அறிந்த உண்மை.