தானே ஓடுமா கடிகாரம்?

பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமமான காரோட்டில் வயது முதிர்ந்த அன்பர் ஒருவர், தம் தந்தையாரின் பழைய சட்டைப்பைக் கடிகாரத்தைக் காட்டினார். "அப்பா இருந்தவரை இது ஒரு நாளும் நின்றதில்லை, சுவாமி" என்றார். அருகிலிருந்த அவருடைய தமக்கையார் மெல்லச் சொன்னார்: "தினமும் ராத்திரி சாவி கொடுத்தது அம்மா அல்லவா?" அன்பர் சற்று நேரம் பேசவில்லை.

தானே இயங்குவது என்று உலகில் ஏதேனும் உண்டா? இக்கேள்விக்குக் கடிகாரக் கலையிலேயே ஒரு விடை இருக்கிறது.

சாவி கொடுக்கத் தேவையற்ற சட்டைப்பைக் கடிகாரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. சுவிட்சர்லாந்தின் ஆபிரகாம் லூயி பெரெலே செய்த கடிகாரம், 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடும் என்று ஜெனீவாவின் கலைச் சங்கம் 1777-இல் குறித்தது. உள்ளே கனமான எடைத்துண்டு ஒன்று நம் நடைக்கேற்ப அசைகிறது. பற்சக்கரங்கள் அவ்வசைவைக் கொண்டு சுருள்வில்லை முறுக்குகின்றன. வில் அவிழ அவிழ முட்கள் நகர்கின்றன. பாரிஸில் தொழில் நடத்திய பிரெகே இதனைச் செம்மைப்படுத்தினார். எடையைப் பிளாட்டினத்தால் அமைத்தார். வில் முழுதும் முறுகியதும் எடை அசையாதபடி பூட்டிவிடும் ஏற்பாட்டையும் சேர்த்தார். 'போதும்' என்பதை அந்த இயந்திரம் அறிந்திருந்தது!

அவருடைய 160-ஆம் எண் கடிகாரம் புகழ்பெற்றது. பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்துக்காக 1783-இல் அதைச் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. இயன்ற இடமெல்லாம் தங்கமே வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. 1793-இல் அரசி மரண தண்டனைக்கு உள்ளானார். 1823-இல் பிரெகே மறைந்தார். 823 பாகங்கள் கொண்ட அக்கடிகாரம் நிறைவெய்தியது 1827-இல்தான். உலகம் அதனைப் பிரெகேயின் கடிகாரம் என்கிறது. முடித்தவை வேறு கைகள்.

அதுவும் உண்மையில் தானே இயங்குவதன்று. பெட்டகத்தில் பூட்டி வைத்தால் நின்றுவிடும். யாரோ அதை அணிந்து நடக்க வேண்டும். கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ நடப்பவர், தாம் ஆற்றல் வழங்குவதை அறிவதுகூட இல்லை.

அப்படியானால் நம் முயற்சிக்குப் பொருளே இல்லையா? உண்டு. பற்சக்கரம் பழுதானால் எத்தனை நடந்தும் வில் முறுகாது. வந்து சேரும் ஆற்றலை வீணாக்காமல் ஏற்கும்படி நம்மைச் செப்பமாக வைத்திருப்பதே நம் முயற்சி. 'என்னால்தான் ஓடுகிறது' என்னும் எண்ணமோ அகங்காரம். கீதையின் மூன்றாம் அத்தியாயம் எச்சரிக்கும் கர்த்தா என்ற மயக்கமும் இதுவே. முயற்சியைக் கைவிடாமல் இம்மயக்கத்தை மட்டும் கைவிடுவதுதான் கடினம். நமக்குச் சாவி கொடுத்த கைகளை நினைவுகூர்வது அதற்கு முதற்படி.

விடைபெறும் வேளையில் அன்பர் தம் பேரனை அழைத்து, கடிகாரத்தை அவன் கையில் வைத்தார். "இது உன் கொள்ளுப்பாட்டியின் கடிகாரம்" என்றார்.