கரம்பு உடைத்தல்



சென்ற பௌர்ணமியன்று கோபர்கைரனேயில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் அன்பர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். தம் மகளை அவர் ஜால்னா ஜில்லாவில் ஒரு மராத்தி பௌத்தக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டாரின் அனுபோகத்தில் இருப்பது இரண்டு ஏக்கர் காய்ரான் நிலம். அதில் ஒரு ஏக்கர் இன்றளவும் ஏர் காணாத புல்தரை. "மருமகன் இக்கோடையில் அதை உடைக்கப் போகிறார், ஐயா. புழு பூச்சிகள் மாளுமே. முதற் சீலத்துக்குப் பங்கம் வராதா?" என்றார். அன்று சுருங்கச் சொன்னேன். ஆலை மூடப்படும் வரை தறியோட்டிய எனக்கு உழவு கேள்வியறிவே; ஆதலின் அறிந்தோரை விசாரித்து ஈண்டு விரித்தெழுதுகிறேன்.

காய்ரான் என்பது பசு மேயும் வெளி. நம் நாட்டு மேய்ச்சற் புறம்போக்கு, மந்தைவெளி போன்றது. ஊருக்குப் பொது என்று ஏட்டில் இருக்கும். மாடில்லாதவனுக்கு அப்பொதுவில் பங்கு யாது? செத்த மாட்டைச் சுமக்கும் பங்கே அவனுக்கு விடப்பட்டது. இக்கொடுமை கண்டே தாதாசாகேப் கெய்க்வாட் 1959-இல் நிலமற்றோர் சத்தியாக்கிரகத்தை நடத்தினார். மீண்டும் 1964 டிசம்பர் 6-ஆம் நாள், பாபாசாகேபின் நினைவு நாளில், அது தொடங்கியபோது ஆணும் பெண்ணும் சிறைகளை நிறைத்தனர். 1991-இல் மகாராஷ்டிர அரசு, 1990 ஏப்ரல் 14 வரை காய்ரான் உழுதுவந்த நிலமற்ற தாழ்த்தப்பட்டோரின் அனுபோகத்தை முறைப்படுத்த ஆணையிட்டது. ஆக்கிரமிப்பு என்று விதித்த அபராதத்தின் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் உண்டு. உழுததற்கு அதுவே சான்றாயிற்று! தமிழ்நாட்டில் 1892-இல் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் கதையை நீவிர் அறிவீர். அதை இங்கு விரிக்கவில்லை.

இனி வினாவுக்கு வருவோம். பிக்குகள் மண் தோண்டலாகாது என்று விநயம் விலக்குகிறது. இல்லறத்தாருக்கு அவ்விலக்கு இல்லை. கொல்லும் கருத்தே சீலத்தைக் கெடுப்பது. பயிர் செய்யும் கருத்து வேறு. எனினும் அம்மட்டில் கை கழுவுதல் ஆகாது. சித்தார்த்தர் இளவரசராயிருந்தபோது உழவைக் கண்டு வருந்தியதை அசுவகோஷர் புத்தசரிதத்தில் பாடியுள்ளார். அறுந்த புல்லுக்கும் மாண்ட புழுவுக்கும் இரங்கிய அவர், வெயிலில் கருகிய உழவனுக்கும் இளைத்த எருதுக்கும் இரங்கினார். புழுவை நினைத்து மனிதனை மறப்பவர்கள் இவ்விடத்தைக் கவனிக்க.

ஆதலின் மருமகனுக்கு நான் சொல்வது இது. புல்லுக்குத் தீ வைக்க வேண்டாம். தீ ஓடமுடியாத உயிரையெல்லாம் எரிப்பதோடு, மண்ணுக்கு உரமாக வேண்டிய சருகையும் சாம்பலாக்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து பட்டை பட்டையாக உழுது வரின், ஊர்வன மறுபக்கம் ஒதுங்க வழியுண்டு. ஓரத்தில் ஒரு பட்டை புல்லை விட்டுவிடுக. வேலி ஓர மண்ணை மழை அடித்துப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

பழம்புல் எளிதில் சாகாது. அறுகின் தண்டு துண்டு துண்டானால் ஒவ்வொரு கணுவும் தனிப் புல்லாகும். கோரையோ கிழங்குக்குக் கிழங்கு கோத்து ஆழத்தில் கிடக்கும். மேலே பசுமை மறைந்ததும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து மழைக்காலத்தில் உழுபவன் புல்லை நட்டவனாகிறான். கரிசல் மண் ஈரத்தில் கொழுவை ஒட்டும். முற்றக் காய்ந்தால் பாறையாகும். ஆகையால் இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் ஆழ உழுது, பெரிய கட்டிகளைக் கோடை வெயிலில் கிடத்த வேண்டும். வேர் காய்ந்தபின் குறுக்கே உழுது, கிழங்கையும் தண்டையும் கையால் பொறுக்க வேண்டும். இஃது ஓராண்டு வேலையன்று.

மகள் முதலாண்டே பருத்தி வேண்டுமென்கிறாளாம். புதிதாய்ப் புரட்டிய புல்வேர் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே உண்டுவிடும். பயிர் வெளுத்து நிற்கும். பயறு வகைக்கு வேர் முடிச்சில் சத்தைச் சேர்க்கும் இயல்புண்டு. துவரையின் வேர் ஆழ இறங்கி இறுகிய மண்ணையும் நெகிழ்த்தும்.

ஏகநாலை என்னும் மகத நாட்டூரில் காசிபாரத்துவாசன் என்ற பார்ப்பன உழவன், உழுது விதைத்தபின் உண்ணும்படி பகவனிடம் சொன்னபோது, தாமும் உழுபவரே என்றார் பகவன். சிரத்தையை விதையாகவும் ஞானத்தை நுகமும் கலப்பையுமாகவும் எடுத்துரைத்தார். களை பறித்தலுக்கு வாய்மையைக் கூறினார். நம்மில் சிலர் வீட்டில் புத்தர் படம் மாட்டிய பின்னும், பெண் கொடுக்கும்போது உட்சாதி கேட்கிறோம். தாதர் பந்தலில் கைதட்டிவிட்டு வந்து கேட்கிறோம்! கணு ஒன்று மண்ணில் தங்கியிருக்கிறது என்று அறிக. இவ்வன்பர் மொழியும் பாராமல் ஜால்னாவில் பெண் கொடுத்தபோது, அவரை ஏசியவர்களும் நம்மவரே.

நேற்று அவர் தொலைபேசியில் பேசினார். துவரையும் ஊடே பாசிப்பயறும் விதைப்பதென்று சம்பந்தி வீட்டார் முடிவு செய்துள்ளனராம். ஓரத்துப் புல்லை அடுத்த வீட்டு மூதாட்டியின் ஆடுகளுக்கு விட்டிருக்கிறார்கள்.