ஓடி வரும் மக்களும் காத்து நிற்கும் பெற்றோரும்

பள்ளிக்கூடங்களில் விளையாட்டு விழா நடைபெறும் நாட்களில், கயிற்றுக்கு இப்பால் நின்று தம் மக்கள் ஓடுவதைப் பெற்றோர் கண்டு மகிழ்கின்றனர். பிள்ளையின் கால் ஓடும்போது பெற்ற மனமும் கூடவே ஓடுகிறது. இது இயற்கை. மார்க்கமும் இதைத் தடுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடியிருக்கிறார்கள். முதலில் அன்னையார் முந்தினார்கள். நெடுநாட்களுக்குப் பின் நடந்த ஓட்டத்தில் அண்ணலார் முந்தி, முன்னதற்கு இது ஈடாயிற்று என்றார்கள்.

நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. எல்லைக் கோட்டைத் தொட்ட பிள்ளை உடனே தேடுவது தாய் தந்தையின் முகத்தை. முந்திய பிள்ளையும் தேடுகிறது. பிந்திய பிள்ளையும் தேடுகிறது. அந்த முகத்தில் இருவருக்கும் கிடைப்பது என்ன?

நாயகம் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் முதலியோரை வரிசையாக நிறுத்தி, முதலில் தம்மிடம் வந்து சேருபவருக்கு இன்ன பரிசு என்று அறிவிப்பார்கள். சிறுவர்கள் ஓடி வந்து அண்ணலாரின் முதுகிலும் நெஞ்சிலும் விழுவார்கள். அண்ணலார் அவர்களை முத்தமிட்டு அணைத்துக்கொள்வார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது. பரிசு முந்தியவருக்கென்று பேசப்பட்டது. முத்தமோ ஓடி வந்த எல்லோருக்கும் கிடைத்தது!

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, நாயகத்தைச் சாட்சியாக்க வந்தார்கள். மக்கள் எல்லோருக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அண்ணலார் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி மக்களிடையே நீதி செலுத்துமாறு பணித்தார்கள். கொடுக்கும் பொருளில் நீதி வேண்டுமாயின், பார்க்கும் பார்வையிலும் பேசும் பேச்சிலும் அது வேண்டாமா? அண்ணன் வென்ற கோப்பையை வந்தவர்க்கெல்லாம் காட்டிவிட்டு, தம்பியைப் பார்த்து, "இவனும்தான் ஓடினான்!" என்று சொல்லும் ஒரு சொல், அந்தப் பிஞ்சு நெஞ்சில் எத்தனை நாள் தங்கும்!

சூரத்து யூசுஃபை ஓதும் நாம் இதை மறக்கலாகாது. தம்பியைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள் இரவில் அழுதுகொண்டு வந்து தந்தையிடம் கூறிய சாக்கு, தாங்கள் ஓட்டப் பந்தயத்திற்குச் சென்றிருந்தோம் என்பதே. நபி யஃகூப் (அலை) அவர்கள் அநீதி செய்தவர்களல்லர். ஆயினும், தந்தையின் அன்பு தங்களுக்குக் குறைவு என்ற எண்ணமே அம்மக்களை ஷைத்தானின் வழியில் தள்ளிற்று. நபியின் வீட்டிலேயே இப்படியென்றால், நம் வீடுகளில் நாம் எவ்வளவு விழிப்புடன் இருக்க வேண்டும்!

வென்ற பிள்ளைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நாயகத்தின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதிருந்தது. ஒரு நாட்டுப்புற அரபியின் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் வருந்தினர். இவ்வுலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று அண்ணலார் அமைதியாக விளக்கினார்கள். வெற்றி வந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவும், தோற்ற தோழனின் கையைப் பற்றவும் அப்பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுப்போம்.

மைதானத்தில் முதலிடம் ஒன்றுதான். நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருமறை அழைக்கும் பந்தயத்திலோ, ஒருவரின் வெற்றி மற்றவரின் பங்கைக் குறைப்பதில்லை. தொழுகைக்கு விரைவதிலும், பெற்றோருக்குப் பணிவதிலும், ஏழைக்குக் கொடுப்பதிலும் நம் மக்கள் எல்லோருமே வெல்லலாம். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும், அவர்கள் ஓடி வந்து சேர நம் கைகள் விரிந்திருக்கட்டும்.

வல்ல நாயன் நம் மக்களை நம் கண் குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களிடையே நீதியுடன் நடக்க நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.