அட்சதையும் ஆசியும்

‘அக்ஷதம்’ என்னும் வடசொல்லுக்குக் குறைவுபடாதது, முறியாதது என்று பொருள். முனை முறியாத பச்சரிசியில் மஞ்சளும் சிறிது நெய்யும் கலந்தால் அது அட்சதையாகிறது. கெட்டிமேளம் முழங்க மாங்கல்யதாரணம் நிகழும் வேளையில் பெரியோர் மணமக்கள்மீது அதனைத் தூவி வாழ்த்துகின்றனர். முறியாத அரிசியைப் போல் இவர்களது இல்வாழ்வும் முறிவின்றி நிலவுக என்பதே அவ்வாழ்த்தின் கருத்து.

ஆயினும் சிந்தனையுடையோர் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. பசித்த வயிற்றுக்கு உரிய அன்னத்தைத் தரையில் இறைப்பது தகுமா? காலில் மிதிபடும் ஒன்று ஆசியாகுமா?

இவ்வினா மரபுக்குப் புறம்பானதன்று. மரபின் உள்ளிருந்தே எழுவது. தைத்திரீய உபநிஷத்தின் பிருகுவல்லியில், பிருகு தவம் செய்து முதற்கண் அன்னத்தையே பிரம்மமாக உணர்கிறார். அன்னத்தை இகழாதிருத்தல் அங்கே ஒரு விரதமாகவே விதிக்கப்படுகிறது. அண்மைக் காலத்திலும், 1965-ஆம் ஆண்டில் நாடு உணவுத் தட்டுப்பாட்டால் வருந்தியபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டிக்கொண்டார். அத்தகைய நாட்டில் ஒரு மணி அரிசியும் அற்பமன்று.

“அட்சதைக்குச் செலவாவது ஓரிரு படிதானே, விருந்தில் எச்சில் இலையோடு போவது அதனினும் பன்மடங்கு அன்றோ?” என்று சிலர் விடை கூறுவர். அது உண்மையே, ஆனால் விடையாகாது. பெரிய குற்றம் ஒன்று இருப்பதனால் சிறிய குற்றம் குணமாகிவிடுவதில்லை. ஆகவே, முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்று காண்பது நலம்.

அகநானூற்றின் 86-ஆம் பாடல் பழந்தமிழர் மணத்தைக் காட்டுகிறது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி நின்று, மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். நீரோடு சொரிந்த மலரும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி விளங்குகின்றன. திருமாலின் ஓங்கிய திருவுருவத்தை நினைந்து தொடங்கும் முல்லைப்பாட்டிலோ, முதிய பெண்டிர் முல்லை மலரையும் நெல்லையும் தூவித் தொழுது நற்சொல் கேட்க நிற்கின்றனர். ஆண்டாள் கண்ட திருமணக் கனவிலும் பொரி உண்டு. உடன்பிறந்தார் அவள் கையை அச்சுதன் கைமேல் வைத்து, பொரியை அள்ளித் தீயில் இடச் செய்கின்றனர். பத்ராசலத்தில் நிகழும் ஸ்ரீ சீதாராம கல்யாணத்தில் முத்துக்களோடு கலந்த அரிசி தலம்பிராலாகப் பெய்யப்படுகிறது. அதற்கென நெல்லை நகத்தாலேயே உமி நீக்கித் தரும் அடியார்களும் உளர்.

இவற்றுள் எங்கும் தானியம் எறியப்படவில்லை. சொரியப்படுகிறது, தூவப்படுகிறது, இடப்படுகிறது. நகத்தால் உரித்த அரிசியை எவரும் அலட்சியமாக வீசார். எறிதலுக்கும் இடுதலுக்கும் உள்ள வேற்றுமையில்தான் இவ்வினாவின் விடை அடங்கியுள்ளது.

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் இரு நிகழ்ச்சிகள் உள. பழம் விற்கும் பெண்ணிடம் பாலகிருஷ்ணன் தன் சிறு கைகளில் தானியம் ஏந்தி ஓடுகிறான். வழியெல்லாம் அது சிந்திவிடுகிறது. ஆயினும் அவள் அன்போடு அக்கைகளைப் பழங்களால் நிரப்பினாள்; அவளது கூடையோ இரத்தினங்களால் நிறைந்தது. குசேலரின் மனைவி அயலாரிடம் யாசித்து நான்கு பிடி அவலைக் கந்தையில் முடிந்து கொடுத்தாள். கண்ணன் அதில் ஒரு பிடியை உண்டதுமே, அடுத்த பிடியை எடுத்த கையைத் தேவி பற்றிக்கொண்டாள்.

பாவனைதான் முக்கியம் என்றால், அரிசி எதற்கு என்று கேட்கலாம். குசேலரின் அவல் பெருமை பெற்றது, அது பசித்த இல்லத்தினின்று வந்த உணவு என்பதனாலேயே. அட்சதைக்கும் இஃது ஒக்கும். அரிசி உயிர் காக்கும் பொருளாதலின், அதனை ஒருவர் தலைமேல் இடுவது “நீ உயிரோடும் வளத்தோடும் வாழ்க” என்று கூறுவதாகிறது. அரிசியை மதியாதவனுடைய கையில் அந்தச் சொல்லே இல்லை. எனவே அன்னத்திற்குச் செய்யும் மரியாதை அட்சதைக்குப் பகையன்று. அட்சதையின் உயிரே அதுதான்.

வாழ்த்துவதற்குத் தனக்குத் தகுதி உண்டோ என்று தயங்குவோரும் உளர். பெரியாழ்வார் எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடினார். எல்லாரையும் காப்பவனுக்கும் என்ன நேருமோ என்று அஞ்சிய பரிவே அங்கு வாழ்த்தாயிற்று. வயதோ செல்வமோ அன்று, பரிவே ஆசி கூறும் தகுதி. அப்பரிவு இன்றி, பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்து உரையாடிக்கொண்டே வீசும் அரிசி முன்வரிசையினர் முதுகில் விழலாம்; ஆசியாக எவரையும் சென்றடையாது.

ஆகவே செய்யத்தக்கது எளிது. கைநிறைய வேண்டா, சில மணிகள் போதும். அருகில் சென்று, மணமக்களின் பெயரை மனத்தில் நினைந்து, தலைமேல் மெல்ல இடுக. மணையைச் சுற்றி வெள்ளைத் துணி விரித்து, விழுந்ததைத் திரட்டிப் பறவைக்கும் எறும்புக்கும் இடுக. திருக்கல்யாண உற்சவத்தைச் சேவித்துத் திருக்கோயிலில் பெறும் அட்சதையையும் அவ்வாறே தலையில் தரித்து, தரையில் சிந்தாது இல்லம் கொண்டுசெல்க.

முறியாத அரிசியை இடுபவன் தன் வாழ்த்தையும் முறியாது காக்கக் கடமைப்பட்டவன். வாழ்த்தப்பெற்ற அக்குடும்பம் ஒருநாள் துன்புற்றால், அன்று அட்சதை இட்ட கையே உதவிக்கும் நீள வேண்டும். அப்பொழுதுதான் அட்சதை தன் பெயருக்கேற்பக் குறைவுபடாததாகும்.