எலுமிச்சம்பழமும் பிரேக் குழாயும்

ஆயுத பூஜையன்று திட்டக்குடித் தெருக்களில் கார், லோடு ஆட்டோ, டிராக்டர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு நிற்கும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தால் திருஷ்டி கழிந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் போகும் பிரேக் குழாயை அன்றைக்கும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சேறும் மழைநீரும், கடலோரமென்றால் உப்புக்காற்றும், அந்த இரும்புக் குழாயை அரித்துவிடும். புதுக் குழாய் மாட்டினாலும் வேலை முடியாது. உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். மெக்கானிக் சக்கரத்தருகே பிரேக்கில் இருக்கும் நிப்பிளில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விடுவார். வண்டிக்குள் இருக்கும் பையன் பெடலை நாலைந்து தடவை மிதித்து அழுத்திப் பிடிப்பான். நிப்பிளைத் தளர்த்தினால் ஆயிலோடு குமிழிகள் வரும். இறுக்கிய பிறகே அவன் காலை எடுக்கலாம். அவசரப்பட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குமிழி மிச்சமிருந்தால் மிதிக்கிற மிதி அதை அமுக்குவதிலேயே வீணாகும்.

இதில் கடவுள் எங்கே வருகிறார்?

ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்ட் 1877இல் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொன்னார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டுமோ என்று அவருக்கே சந்தேகம். 'ஆண்டவன் காப்பான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பினார். கப்பல் மூழ்கியது. அவருடைய நம்பிக்கையில் கள்ளமில்லை. ஆனாலும் சோதிக்காமல் அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது, கப்பல் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்றார் கிளிஃபர்ட். சான்றால் தீராத கேள்விகளில் நம்பலாம் என்று 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார். நியாயம்தான். பிரேக் குழாய் அப்படிப்பட்ட கேள்வியா என்ன? ஜாக்கி போட்டுத் தூக்கினால் தெரிந்துவிடும்.

திட்டக்குடிக்குப் பக்கத்துப் பெண்ணாடம், 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் என்ற நூலைத் தந்த மெய்கண்டாரின் பிறந்த ஊர். அவர் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் வினை அறிவற்றது. அதன் பயனைச் செய்தவரிடம் கொண்டு சேர்ப்பவன் இறைவன். ஆனால் வினையைச் செய்வது உயிர்தான். பிரேக் பிடிக்காமல் போனதற்கு 'விதி' என்று கைகழுவுகிறவர் அந்தச் சித்தாந்தத்தில் பாதியைத்தான் சொல்கிறார்.

எலுமிச்சம்பழத்தின் மேல் குற்றமில்லை, தாராளமாக வையுங்கள். அதற்கு முந்தைய நாள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, குழாயில் துரு இருக்கிறதா, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.