கல்லின் அடிப்பக்கம்

இரத்தினக்கல்லை வெட்டுவதில் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டை தீட்டுவது. மற்றது, பட்டை எதுவும் போடாமல் மேற்புறத்தைக் குமிழ்போலக் குவித்து, அடிப்புறத்தைத் தட்டையாக விட்டு மெருகேற்றுவது. பின்னதைக் கபோஷான் என்கிறார்கள். தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். வழுக்கைத் தலை என்று வைத்துக்கொண்டால் இன்னும் பொருந்தும். பட்டை தீட்டிய கல்லில் உள்ளே போன ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி வரவேண்டும். ஆதலால் அதன் அடி பிழையென்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். கபோஷானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேற்புறம் மினுங்கினால் போதும். அடிப்புறம் சொரசொரப்பாக இருக்கலாம், கனத்திருக்கலாம், வெடிப்போடும் இருக்கலாம். மோதிரத்தில் பதித்த பின்னர் எவரும் அதைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

எவரும் பார்க்காத அந்த அடிப்பக்கத்தைப் பற்றி விற்பவன் வாய் திறக்கக் கடமைப்பட்டவனா என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

இது வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. காசுப் பிரச்சினை. கல் கரட் கணக்கில் விற்கப்படுகிறது; ஒரு கரட் என்பது 0.2 கிராம். நட்சத்திர நீலக்கல் ஒன்றின் வயிற்றை அரைத்துத் தள்ளும் வெட்டுனர் தன் காசையே அரைத்துத் தள்ளுகிறார். ஆகையால் தேவைக்கு மிஞ்சிய தடிப்பை அடியில் விட்டுவைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. நிறம் வெளிறிய கல்லுக்குச் சிறிது தடிப்பு வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அந்த மெய்யின் மறைவில் எத்தனை கரட்டை ஏற்றிவிடலாம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இரத்தினக்கல் பற்றி எழுதுகிறானே என்று வாசகர் நினைக்கக்கூடும். நியாயமே. குடாநாடு மயோசின் காலச் சுண்ணக்கல்லின்மேல் இருப்பது. இங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் வரும், இரத்தினம் வராது. எந்தக் காலத்திலும் கற்கள் தெற்கிலிருந்தே வந்திருக்க வேண்டும். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றைக் கண்டதாகவும், அதில் அகில் எண்ணெய் வைத்திருந்ததாகவும் தன் பயண நூலில் குறிப்பிடுகிறார். அந்தக் கிண்ணத்தின் அடி எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அரசனின் பாத்திரத்தை எந்த விருந்தாளி கவிழ்த்துப் பார்ப்பான்?

என் கைக்கு வருபவை அத்தகைய கற்கள் அல்ல. அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள மீட்டியாகொடையில் எடுக்கப்படும் சந்திரகாந்தக் கற்களே பெரும்பாலும். ஆசிரிய கலாசாலையில் என்னோடு பயின்ற பேருவளை நண்பர் ஒருவர் விடுமுறைகளில் கற்றுத்தந்த வேலை இது. வில்லால் இழுத்துச் சுழற்றும் ஹனபோருவையில் அவருடைய பாட்டனார் வெட்டினார். நான் பழைய மோட்டோர் ஒன்றைப் பூட்டி வீட்டுக் கோடிப்புறத்தில் வெட்டுகிறேன். கல்லைக் குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டி, தண்ணீர் சொட்டும் சில்லில் உருவம் கொடுத்து, பிறகு படிப்படியாக மென்மையான பொடிகளுக்குப் போக வேண்டும். சந்திரகாந்தத்தில் வேலையை விடத் திசைதான் முக்கியம். அதற்குள் இரண்டு வகைக் களிமங்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்குகளில் ஒளி சிதறுவதாலேயே நிலவு போன்ற அந்த வெளிச்சம் மிதக்கிறது. அடுக்கின் திசையறிந்து அடியை வெட்டினால் நிலவு குமிழின் நடுவில் நிற்கும். சற்றுத் தவறினால் ஓரத்துக்கு வழுகிப்போய்விடும். ஒரு கல்லை அரை மணித்தியாலம் விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதில் உள்ள சுகம் பாடக்குறிப்பு எழுதுவதில் இல்லை என்பதை ஆசிரியனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

வாங்குவோர் சக ஆசிரியர்கள், பிள்ளைகளின் பெற்றோர், அவர்கள் சொல்லி வருவோர். விலை பெரிதல்ல. இந்த அடிப்பக்க விவகாரத்தை ஒரு நாள் ஓய்வறையில் பேசியபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "சேர், நீங்கள் என்ன வியாபாரியோ? பொழுதுபோக்குக்குச் செய்யிறியள். பிடிச்சா வாங்கட்டும், இல்லாட்டி விடட்டும்" என்றார்.

அவர் போகிற போக்கில் சொன்னதில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. பொழுதுபோக்காளனுக்கு வியாபாரியின் கடமை இல்லை என்பது ஒன்று. வாங்குபவரே மனமுவந்து வாங்கினால் பிழை இல்லை என்பது மற்றொன்று.

முதலாவதைச் சட்டம் ஏற்காது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபைச் சட்டத்தின் கீழ் இரத்தினக்கல் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், எடுத்துக்கொண்டுதான் விற்கிறேன். சட்டத்தை விடுவோம். அறத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் பொழுதுபோக்கு என்பது கடமையைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டுகிறது. ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய வியாபாரி அடியில் கொஞ்சம் கனத்தை விட்டுவைத்தால் அவனுக்குச் சொல்ல ஒரு நியாயமாவது இருக்கும். மாதச் சம்பளக்காரனுக்கு என்ன நியாயம்? அதோடு, பொழுதுபோக்காளனின் சோதனை வேறு விதமானது. அவனுக்கு வேண்டியது காசை விடப் பாராட்டு. "என்ன வடிவான கல், நீங்களா வெட்டினீர்கள்?" என்று ஒருவர் வியந்து நிற்கும் வேளையில், கல்லைத் திருப்பி, "இந்த ஓரத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது" என்று சொல்வதற்கு நாக்கு எழாது. காசுக்காக மறைப்பவன் தான் மறைப்பதை அறிந்தே மறைக்கிறான். கைவண்ணத்தின் பெயருக்காக மறைப்பவனுக்குத் தான் மறைக்கிறோம் என்பதே தெரிவதில்லை.

இரண்டாவது வாதம் கனதியானது. இதற்கு இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துக்காட்டும் யூனுஸ் இப்னு உபைதின் வரலாற்றைப் பார்க்கலாம். துணி வியாபாரியான அவர் கடையைச் சகோதரரின் மகனிடம் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகிறார். இருநூறு திர்ஹம் பெறுமதியான ஆடையை நானூறுக்கு விற்றுவிடுகிறான் பையன். வழியில் அந்த ஆடையோடு வரும் நாட்டுப்புறத்து மனிதரைக் கண்ட யூனுஸ் விலையைக் கேட்டறிந்து, திரும்பி வரும்படி வற்புறுத்துகிறார். அம்மனிதரோ, தன் ஊரில் இது ஐந்நூறு பெறும், தனக்கு முழுத் திருப்தி என்கிறார். யூனுஸ் விடவில்லை, கடைக்குக் கூட்டிவந்து இருநூறைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறார். அவர் விரும்பித்தானே வாங்கினார் என்று பையன் கேட்டபோது, உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் விரும்பினாயா என்று யூனுஸ் திருப்பிக் கேட்டதாக வரலாறு. வாங்கியவரின் திருப்தி அங்கே கணக்கில் எடுக்கப்படவே இல்லை. ஏனெனில் அந்தத் திருப்தி அறியாமையின்மேல் நின்றது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட ஹதீஸை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டுவருகிறோம். மழையில் நனைந்தது என்று விற்பவர் சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். அரக்குக் குச்சியும் கையுமாக இருக்கும்போது அந்த ஹதீஸ் எனக்கு வேறு விதமாகக் கேட்கிறது. அந்த மனிதர் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குவியலை அடுக்கிய விதமே அவருடைய பேச்சாக இருந்தது. கபோஷானும் அப்படித்தான் பேசுகிறது. இருட்டான இடத்தில் வைத்துத் துணியைக் காட்டுவதும், துணியின் நல்ல பக்கத்தை மட்டும் விரிப்பதும் மோசடி என்று கஸ்ஸாலி எழுதுகிறார். கல்லில் இது தலைகீழ். சந்திரகாந்தத்தைக் கறுப்புத் துணியில் வைத்தால் நீலம் தூக்கும். நட்சத்திரக் கல்லுக்கு ஒற்றைப் புள்ளி வெளிச்சம் வேண்டும். வெயிலிலோ டோர்ச்சின் கீழோ ஆறு கதிரும் எழும். வீட்டு டியூப் லைட்டின் கீழ் ஒன்றுமிராது. வாங்கிப்போனவர் வாழப்போவது டியூப் லைட்டின் கீழேதான்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இன்னொரு தானிய வியாபாரியைக் கொண்டுவருகிறார். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டயோஜினஸ் என்ற தத்துவ ஆசிரியர், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் அன்ரிபாட்டர், வாங்குபவன் அறிய வேண்டிய அனைத்தையும் சொல்ல வேண்டும் என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். நானும் அந்தப் பக்கந்தான். ஆயினும் டயோஜினஸைக் குருவுக்குரிய மரியாதையோடு கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பேருவளை சீனக்கோட்டையில் கல் வாங்க வருகிறவன் லென்சும் டோர்ச்சும் கொண்டு வருகிறான்; கல்லை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பான். அவனுக்கு அடி தடித்திருக்கிறது என்று சொல்வது மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல. அந்தச் சந்தையில் டயோஜினஸ் சொல்வது பெருமளவு சரியாக இருக்கக்கூடும். என் வீட்டு விறாந்தைக்கு வரும் தாய்மாரிடம் லென்ஸ் இல்லை. அவர்களிடம் இருப்பது வாத்தியார் என்ற ஒரே ஒரு நம்பிக்கை. "மாஸ்ரர், நீங்கள் தாறதெண்டா நான் வேறை ஒருத்தரிட்டையும் காட்டத் தேவையில்லை" என்று ஒரு அம்மா சொன்னார். ஆக, சொல்ல வேண்டியது எவ்வளவு என்பதைக் கல்லின் விலையோ விற்பவனின் தொழிலோ தீர்மானிப்பதில்லை. இருவரின் அறிவுக்கும் இடையிலுள்ள தூரம் தீர்மானிக்கிறது என்பதே என் முடிபு.

இந்த அளவுகோலை வைத்தால் வாங்குபவனுக்கும் கடமை வந்து சேரும். கெவுட என்ற பால் நிறக் கல்லின் கதை இரத்தினபுரியில் பலருக்குத் தெரியும். மங்கலான குருந்தம், ஒரு காலத்தில் பெறுமதியற்றது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிச் சென்றார்கள். ஏறத்தாழ 1600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அந்தப் பால் கரைந்து கல் நீலமாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிண்டியெடுத்தவனுக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆனால் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் குதிரை வாங்கியதைப் பற்றி ஒரு செய்தி உண்டு. முந்நூறு திர்ஹம் என்று பேசி முடித்த குதிரைக்கு, இது அதைவிடப் பெறும் என்று தாமே விலையை ஏற்றி ஏற்றி எண்ணூறு கொடுத்தார்கள் என்று. கெவுடக்காரனுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளன் வாய்க்கவில்லை.

கெவுடவின் "குறை" எதனால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லுக்குள் இருக்கும் ரூட்டைல் என்ற நுண்ணிய ஊசிகள். தொழிலில் பட்டு என்பார்கள். அதே பட்டு மூன்று திசைகளில் ஒழுங்காகப் படிந்தால் ஆறு கதிர் நட்சத்திரம் பிறக்கிறது. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் 563.35 கரட் எடையுள்ள "இந்தியாவின் நட்சத்திரம்" இருக்கிறது. பெயர்தான் இந்தியா; கல் இலங்கையினது. அதற்கு மேலும் கீழுமாக இரு புறமும் நட்சத்திரம் உண்டு. ஊசி இல்லாவிட்டால் அது வெறும் நீலக்கல். ஆகவே கல்லைப் பற்றிச் சொல்வது என்பது குற்றப்பத்திரிகை வாசிப்பதல்ல. சந்திரகாந்தத்துக்குள் பூரான் ஊர்ந்தது போன்ற சிறு வெடிப்புக்கோடுகள் சில வேளை இருக்கும். கண்ணாடிப் போலியில் அவை இருப்பதில்லை. இதைச் சொல்லிக் காட்டினால் வாங்குவோர் அந்தப் பூரானையே விரும்பிக் கேட்பதையும் கண்டிருக்கிறேன். வெடிப்பு விளிம்புவரை வந்து கல் உடையக்கூடியதாயின் கதை வேறு. அதை மோதிரத்துக்குத் தருவதில்லை.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் வேறோர் இடத்தில். "சாத்திரியார் முத்துப் போடச் சொன்னவர். முத்து விலை. அதுக்குப் பதிலாச் சந்திரகாந்தம் போடலாமாம்" என்று வருவோர் இருக்கிறார்கள். கிரகம் கல்லுக்குக் கட்டுப்படும் என்று நான் நம்புவதில்லை. நம்பாத பயனுக்காக ஒரு பொருளை விற்கலாமா? மௌலவி நண்பர் வேண்டாம் என்கிறார். நான் பேசாமலிருப்பதும் சாத்திரியாரை ஆமோதிப்பதாகவே போய்ச்சேரும் என்பது அவர் வாதம். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அகீக் மோதிரத்துக்குப் பலன் சொல்வோர் நம்மிடையேயும் இருக்கையில், அயலவரின் நம்பிக்கைக்கு முன்னால் மட்டும் நான் நீதவானாக எழுந்து நிற்பதும் கூச்சமாக இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தவன். என் விறாந்தையில் வந்து அமரும் அம்மாவுக்கும் எனக்கும் இடையே ஒரு கல் மட்டும் கைமாறுவதில்லை. அவர் ஏமாந்தால் "சோனக வாத்தியார் ஏமாற்றினார்" என்றுதான் ஊர் சொல்லும். அவர் நம்பிக்கையை நான் இகழ்ந்தாலும் அதேதான். இப்போதைக்கு, கல்லைப் பற்றி எனக்குத் தெரியும், கிரகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதற்காக வாங்குவதாயின் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, மற்றவருக்குக் கொடுக்கும் அதே விலைக்குக் கொடுக்கிறேன். இது போதுமா என்பதில் நண்பருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அழகுக்காக அணிவோர் மோதிரத்தின் அடியைப் பத்தர் தங்கத்தால் மூடிக் கட்டினாலும் கவலைப்படுவதில்லை. சாத்திரியார் சொல்லி வருவோர் அடியைத் திறந்து கட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். கல் தோலில் முட்ட வேண்டுமாம். நாள் முழுவதும் அவர்கள் விரலில் படுவது நான் சில்லில் பிடித்துத் தட்டையாக்கிய அந்த அடிப்பக்கம். அவர்களுக்கான கற்களில் அதை மேற்புறத்தைப் போலவே கடைசிப் பொடி வரை கொண்டுபோய் மெருகேற்றுகிறேன். ஒரு கல்லுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் பிடிக்கிறது.