ஒத்துக்கொண்ட வேலையும் உண்மையுள்ள நாவும்



நம் சபையில் ஒரு வாலிபத் தம்பி சாட்சி சொன்னார். "ஒரு கம்பெனியில சேர்றேன்னு ஒத்துக்கிட்டேன். அதுக்குள்ள கர்த்தர் வேற நல்ல கதவைத் திறந்துட்டாரு. மாசம் 4,000 ரூபாய் கூட!" சபை கைதட்டியது. நானும் சத்தமாய் ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுவாரம் அந்தக் கம்பெனி முதலாளி என்னை வழியில் நிறுத்தினார். இரட்சிக்கப்படாத மனிதர். "பாஸ்டர், ஒண்ணாந்தேதி வர்றேன்னு கையெழுத்துப் போட்டான். அவனை நம்பி ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். ஆளும் வரல, போனும் எடுக்கல. உங்க சபைப் பையன்தானே?" என்றார். என் தலை குனிந்தது.

பிரியமானவர்களே, அந்தக் கதவைத் திறந்தது கர்த்தரா, அல்லது 4,000 ரூபாயா? கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத்தக்கவன் யார் என்று கேட்கிற 15-ம் சங்கீதம், நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல்லை மாற்றாதவனைக் காட்டுகிறது. கிபியோனியர் ஏமாற்றித்தான் உடன்படிக்கை வாங்கினார்கள் (யோசுவா 9). ஆனாலும் இஸ்ரவேலின் பிரபுக்கள் அதை முறிக்கவில்லை. பிற்காலத்தில் சவுல் முறித்தான். தாவீதின் நாட்களில் தேசம் மூன்று வருஷம் பஞ்சத்தில் வாடியது (2 சாமுவேல் 21).

"அப்போ விலகவே கூடாதா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். வீட்டில் வியாதி வரலாம், நிலைமை மாறலாம். பிணைப்பட்டு வாய்வார்த்தையில் சிக்கினவனுக்கு நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் வழி சொல்லுகிறது: தூங்காதே, உடனே போ, உன்னைத் தாழ்த்தி விடுதலை கேள். நமக்கும் அதுவே வழி. ஒளிந்துகொள்ளாதே சகோதரனே! நேரில் போய் உண்மைக் காரணத்தைச் சொல். வேறு ஆள் கிடைக்கும்வரை வேலை செய்துகொடுக்க ஆயத்தமாயிரு. தேவசித்தம் என்ற வார்த்தையைப் போர்வையாக்காதே. கையெழுத்துக்குப் பின் அல்ல, முன்பே முழங்காலில் நில்.

தம்பியிடம் பேசினேன். அழுதார். இருவருமாய்ப் போனோம். அவர் மன்னிப்புக் கேட்டார். முதலாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருப்பி அனுப்பினதுல ஒரு பையனையே கூப்பிட்டுட்டேன். நீ வந்து சொன்னியே, அது போதும்" என்றார்.

அன்றிரவு, விசாரியாமல் ஸ்தோத்திரம் சொன்ன நானும் கர்த்தரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

நம்முடைய ஆம், திங்கட்கிழமையிலும் ஆம் என்றே இருக்கட்டும். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.